குதிரைக்குத் தெரிந்த குரல்

போன வாரம் ஜனாரைத் தராஸ் பேருந்து நிலையத்தில், கொட்டுகிற பனியில், கையில் ஒரு பையோடு நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பாள். முதலில் அவளை ஊர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம்.

வாடகைக் காரின் பின்சீட்டில் இரண்டு மாவு மூட்டைகளுக்கு நடுவே நசுங்கியபடி அவள் கரத்தாவ் மலையடிவாரத்து ஊரில் வந்து இறங்கியபோது பனி நின்று வெயில் அடித்தது. பாதி வீடுகளின் முற்றத்திலிருந்து புகை எழுந்தது. குளிர்காலத்துக்குக் குதிரை அறுக்கும் சொகும் காலம். எந்த வீட்டில் சொகும் இல்லையோ அந்த வீட்டு ஆண்பிள்ளையை ஊரே ஒரு மாதிரி பார்க்கும். தௌரெனுக்கு அந்தப் பார்வையைத் தாங்கும் தோல் கிடையாது.

தௌரென் அவளுடைய அண்ணன். அப்பா போன பிறகு வீட்டுக்குத் தலைவன். லாரி ஓட்டித் தலையெடுத்தவன். அந்த லாரி இப்போது இல்லை. சொகுமுக்கென்று கொழுக்க வைத்திருந்த குதிரையும் இல்லை. எல்லாம் ‘டிராகன் குகை’க்குள் போய்விட்டன.

செல்போனில் ஆடும் சூதாட்டம் அது. வாள், கிரீடம், சூனியக்காரி, மந்திரக் கோப்பை என்று வரிசைகள் சுழன்று நிற்கும். மூன்று பொன்முட்டைகள் ஒன்றாக விழுந்தால் குகை திறக்கும். அதுதான் போனஸ். உள்ளே போய்விட்டால் சுற்றுகள் இலவசம். முட்டை உடைந்து டிராகன் வெளியே வந்து நெருப்பைக் கக்கும். நெருப்புப் பட்ட வரிசை முழுக்கத் தங்கமாகும். ஜெயித்தது இரண்டு மடங்காகும், நாலு மடங்காகும். முட்டை விழும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவன் காசைக் கட்டி நேராகவே குகைக்குள் நுழையலாம். தௌரென் பொறுமை இல்லாதவன்.

அவனுக்கு அந்தக் குகைக்கு வழி காட்டியவள் முகமூடி ராணி. தினமும் மதியம் வெள்ளி முகமூடியோடு நேரலையில் வந்து ஆடுவாள், அள்ளி அள்ளி ஜெயிப்பாள். அவள் ஆடுகிறபடியே அவனும் ஆடினான். அவள் ஜெயித்துக்கொண்டே போனாள், இவன் தோற்றுக்கொண்டே போனான்.

அந்த முகமூடிக்குப் பின்னால் இருப்பது ஜனாரின் முகம் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அல்மாட்டியில் வங்கி வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். அவள் ஆடுவது அந்தச் சூதாட்டக் கம்பெனி நிரப்பிக் கொடுக்கும் பொய்ப் பணத்தில் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். அண்ணி போனில் அழுததைக் கேட்ட பிறகுதான், தான் மூட்டிய நெருப்பு யார் வீட்டுக் கூரையில் பிடித்திருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது. அண்ணனை நிறுத்த வேண்டும். தான் யாரென்று அவனுக்குத் தெரியாமலே நிறுத்த வேண்டும். தெரிந்தால் கொன்றுவிடுவான். இதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை.

கதவைத் திறந்தவள் அண்ணி அய்சுலு. கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது. கன்னத்தில் ஒரு சின்ன வட்டக் காயம்.

“கதவுல இடிச்சுக்கிட்டேன்” என்றாள் அய்சுலு, கேட்பதற்கு முன்னாலேயே.

“கதவு மோதிரம் போட்டிருக்கா அண்ணி?”

 அய்சுலு பையை வாங்கி வைத்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் பின்பக்கம் போகலாம், அவசரம் இல்லை என்றாள். அவசரம் இல்லை என்று அவள் சொன்ன விதத்திலேயே ஜனாருக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. அவள் நேராகப் பின்முற்றத்துக்குப் போனாள்.

கம்பத்தில் கட்டியிருந்தது குரேன். அப்பாவின் சிவப்புப் பெண்குதிரை.

அப்பா இருந்தவரை அதன்மேல் வேறு யாரும் ஏறியதில்லை, ஜனாரைத் தவிர. அவளுக்கு மட்டும் அப்பா தன் கூப்பாட்டைச் சொல்லிக் கொடுத்திருந்தார். ‘குர்ராவ், குர்ராவ்’ என்று கூப்பிடாத குதிரைக்காரன் அந்தப் பக்கத்தில் கிடையாது. ஆனால் அவர் அதை நாக்கை மடித்து நீளமாக இழுப்பார். இழுத்து முடித்ததும் அண்ணத்தில் இரண்டு சொடுக்கு. எவ்வளவு தூரத்தில் மேய்ந்தாலும் குரேன் தலையைத் தூக்கிவிடும். கண்ணை மூடுவதற்குமுன் அப்பா கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: குரேன் கிழடாகித் தானாகச் சாகட்டும்.

கசாப்புக்காரர் செய்த்கான் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேர் கயிற்றோடு நின்றார்கள். தௌரென் முகம் மழிக்காமல், கண் சிவந்து, ஆளே பாதியாகிப் போயிருந்தான். தங்கையைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

இதை அறுக்கக் கூடாது, அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய் என்று அவள் சொல்லத் தொடங்கியதுமே அவன் கையை ஓங்கிவிட்டான். அடிக்கவில்லை. அக்கம்பக்கத்தார் முன்னால் அவனுக்கு இன்னும் கொஞ்சம் வெட்கம் மிச்சமிருந்தது.

“நீ பட்டணத்துல சம்பாதிக்கிறவ. சொகும் இல்லாத வீட்டுல நீயா உக்காந்திருக்கப் போற? உள்ள போயி கொப்பரையில தண்ணி காய வை.”

செய்த்கான் உள்ளங்கைகளை விரித்து வாழ்த்துச் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார். கயிற்றை முன்னங்கால்களில் சுற்றினார்கள். பின்னங்காலில் சுற்றக் குனிந்ததுதான் தாமதம், குரேன் உதைத்தது. காய்ந்த மரக்கிளை முறிகிற சத்தம் கேட்டது. செய்த்கான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பனியில் உருண்டார். கால் மடங்கக் கூடாத பக்கமாக மடங்கிக் கிடந்தது.

தௌரென் சாட்டையை எடுத்தான். முதல் அடி கழுத்தில் விழுந்தது, அடுத்தது முகத்தில், கண்ணுக்குப் பக்கத்தில். அடிக்க அடிக்க அவனுக்கு வெறி ஏறியது. எதை அடிக்கிறோம் என்பதே மறந்துபோனவன் மாதிரி, பல்லுக்கிடையில் என்னவோ முனகியபடி அடித்தான். அருகில் நின்ற ஜனாருக்கு அது கேட்டது. “மூணாவது முட்டை... மூணாவது முட்டை மட்டும் ஏன்டி விழல...”



குரேன் பின்வாங்கி ஒரே இழுப்பில் கயிறுகளை அறுத்துக்கொண்டது. தாழ்ந்த மண்சுவரைத் தாண்டியபோது வயிறு உரசிச் சுவர் சரிந்தது, ரத்தம் தெறித்தது. ஓடைப் பள்ளத்துக்கு அந்தப்புறம் போய்த்தான் நின்றது. பனியில் சிவப்பாக ஒரு கோடு அதன் பின்னாலேயே போனது.

செய்த்கானை வீட்டுக்குள் தூக்கிப் போய்ப் படுக்க வைத்தார்கள். காலுக்குப் பலகை வைத்துக் கட்டும்போது மனிதர் வாயைத் திறந்து ஒரு முனகல் முனகவில்லை, திட்டத்தான் திட்டினார். “எத்தனை குதிரை அறுத்திருப்பேன், ஒண்ணு என்னைத் தொட்டதில்ல. உங்கப்பன் குதிரையாச்சே, அதான். அவனும் பேசாம இருந்து பேசாம இருந்து ஒரே உதையாத்தான் உதைப்பான்.” பிறகு தௌரெனைப் பார்த்து, “பணத்தக் கரைச்சவன் ஒரு மாட்ட வாங்கி அறுத்திருக்கணும், இதுல வந்து கை வச்சிருக்க” என்றார்.

ஆஸ்பத்திரி வண்டி வரத் தாமதமாகும் என்றார்கள். தௌரெனும் அந்த இருவரும் ஓடைப் பக்கம் போய் ஓட்ஸைக் காட்டிக் கூப்பிட்டார்கள், வளைத்துப் பார்த்தார்கள், கல்லால் அடித்தார்கள். குரேன் எட்டி எட்டிப் போனது. தௌரென் அப்பாவைப் போலவே கூப்பிட்டுப் பார்த்தான். அவன் வாயில் அது வரவில்லை. சின்ன வயதிலேயே லாரியோடு போனவனுக்கு அதைக் கற்க நேரம் எங்கே இருந்தது?

மதியம் ஆயிற்று. ஜனார் சமையலறையில் செய்த்கானுக்கு வெந்நீர் ஒற்றடத்துக்குத் துணி பிழிந்துகொண்டிருந்தாள். முற்றத்திலிருந்து ஒரு இசை கேட்டது. தப்பட்டையும் கொம்பும் கலந்த, அவளுக்குத் தூக்கத்தில்கூடக் கேட்கும் இசை.

எட்டிப் பார்த்தாள். தௌரென் வைக்கோல் போர் மேல் சாய்ந்து, போனை முழுச் சத்தத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். குதிரை ஓடிவிட்டது, ஒரு மனிதனுக்குக் கால் போய்விட்டது, மதியமானால் அவனுக்கு ராணி வந்தாக வேண்டும். ஜனார் விடுப்பில் இருந்ததால் கம்பெனி பழைய ஆட்டம் ஒன்றைத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தது.

எந்த ஆட்டம் என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. முதல் முட்டை விழுந்துவிட்டது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது விழுந்ததும் ராணி டிராகனைக் கூப்பிடுவாள்.

உனக்கென்று ஒரு சத்தம் வேண்டும், எவளிடமும் இல்லாத சத்தம், என்று கம்பெனியில் கேட்டபோது அவள் வாயில் வந்தது அப்பாவின் கூப்பாடுதான். பேசும் குரலை இயந்திரம் தடித்த குரலாக்கிவிடும். அந்தக் கூப்பாட்டை மட்டும் இயந்திரம் கெடுத்தது என்பதால், அப்போது மட்டும் அதை அணைத்துவிடுவார்கள்.

துணியைப் போட்டுவிட்டு ஜனார் ஓடினாள். அண்ணா, அந்தப் போனைக் கொஞ்சம் கொடு என்று சொல்லத்தான் நினைத்தாள். பாதி வழிதான் வந்திருந்தாள்.

மூன்றாவது முட்டை விழுந்தது. போனுக்குள்ளிருந்து அப்பாவின் கூப்பாடு எழுந்து முற்றத்தைத் தாண்டிப் போனது. நீளமாக ஒரு இழுப்பு. இரண்டு சொடுக்கு.

ஓடைக்கு அப்பால் குரேன் தலையைத் தூக்கியது.

பள்ளத்தில் இறங்கி, ஏறி, தன் ரத்தம் சிந்திய வழியிலேயே திரும்பி வந்தது. கயிற்றோடு நின்ற ஆட்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண்சுவர் இடிந்த இடத்தில் நுழைந்து, நேராகத் தௌரெனிடம் வந்து, அவன் கையிலிருந்த போனை மூக்கால் முட்டியது. திரையில் வெள்ளி முகமூடி சிரித்துக்கொண்டிருந்தது. குரேன் அதன்மேல் மூச்சு விட்டது.

தௌரென் குதிரையைப் பார்த்தான். போனைப் பார்த்தான். பிறகு, நடுவழியில் நின்றுவிட்ட தங்கையைப் பார்த்தான்.

அவன் கடிவாளத்தைப் பிடிக்கவில்லை. அதற்கெல்லாம் அவனுக்கு நினைவில்லை. செய்த்கானின் கத்தி வைக்கோலில் செருகியிருந்தது. அதை உருவிக்கொண்டு வந்தான்.

ஜனார் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அவன் இடது கையால் அறைந்ததில் சுவரில் போய் மோதினாள். புருவம் பிளந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். கத்தி முனை தொண்டைக் குழியில் வந்து உட்கார்ந்தது.

“அப்பா கூப்பிடுற மாதிரியே இருந்துச்சு” என்றான். கத்தவில்லை. “ஆயிரம் பேரு ஆடுறாளுங்க. நான் ஏன் இவள நம்பினேன் தெரியுமா? அவ கூப்பிட்டா அப்பா கூப்பிடுற மாதிரி இருந்துச்சு. நம்ம பக்கத்துப் பொண்ணு, ஏமாத்த மாட்டான்னு நெனச்சேன்.”

ஜனாருக்கு அந்தச் சொல் கத்தியைவிட ஆழமாக இறங்கியது. அவன் பணத்துக்கு மட்டும் ஆசைப்பட்டுக் கெட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

“கொன்னுடு அண்ணா” என்றாள். அப்போது உண்மையாகவே அதைத்தான் விரும்பினாள்.

அவன் கொன்றிருப்பான். பின்னாலிருந்து வந்த அய்சுலு அப்பம் தேய்க்கும் நீளக் கட்டையால் அவன் மணிக்கட்டில் போட்டாள். எலும்பு நொறுங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கத்தி விழுந்தது. கயிற்றுக்காரர்கள் நெருங்குமுன் அடுத்த அடியைக் குரேனின் முதுகில் போட்டாள். அது மிரண்டு மறுபடி ஓடைக்கு ஓடியது. கட்டையைக் கீழே போடாமலே நின்ற அய்சுலு, “இன்னும் ஒரு தடவ யாரு மேலயாவது கைய வச்சுப் பாரு” என்றாள்.  கல்யாணமாகி வந்த நாள் முதலாக அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான்.

தௌரென் கையை மார்போடு அணைத்துக்கொண்டு மண்டியிட்டான். வலியிலும் அவனுக்கு ஒரு கணக்கு ஓடியது. கயிற்றுக்காரர்களை வாசற்பக்கம் ஒளிந்து நிற்கச் சொன்னான். குதிரை வேறு யாருக்கும் வராது, இவள் கூப்பிட்டால்தான் வரும், இவளையே கூப்பிட வைக்கிறேன், வந்ததும் கயிற்றைப் போடுங்கள் என்றான். கத்தியை இடது கையில் எடுத்துக்கொண்டு தங்கையை உள்ளே நடக்கச் சொன்னான். அய்சுலு கட்டையோடு பின்னாலேயே வந்தாள்.

உள்ளே மேசைக்கு அந்தப்பக்கம் அவன், இந்தப்பக்கம் அவள். நடுவில் கத்தி. படுக்கையில் செய்த்கான்.

கூப்பிட மாட்டேன் என்றாள் ஜனார். என்னை என்ன வேண்டுமானாலும் செய், அந்தக் குரலால் இன்னொரு உயிரைக் கயிற்றுக்குக் கொண்டுவர மாட்டேன் என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தன் கணக்கில் இருப்பது பணமே இல்லை என்றாள். தீர்ந்தால் தானாக நிரம்பிவிடும், முட்டைகளும் அந்தக் கணக்குக்கு அடிக்கடி விழும்படி வைத்திருக்கிறார்கள், நான் ஒரு நாளும் ஜெயித்ததில்லை என்றாள்.

தௌரென் நம்பவில்லை. நம்பாமல் இருக்க அவனுக்குக் காரணம் இருந்தது. நம்பினால் லாரி, குதிரை எல்லாம் ஒன்றுமே இல்லாததற்குப் போனதாக ஆகிவிடும்.

“காட்டு” என்றான். “எனக்கு மட்டும் இல்ல. உன்ன நம்பின எல்லாருக்கும் காட்டு. முகமூடி இல்லாம.”

அப்படிச் செய்தால் அல்மாட்டியிலிருந்து அவளைத் தேடி யார் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த அன்றே, வாயைத் திறக்கக் கூடாது என்று மிரட்டிய கம்பெனி ஆட்கள்தான். ஆனாலும் மனம் லேசானது. அவள் தன் போனை எடுத்துத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து, ராணியின் கணக்கில் நேரலையைத் திறந்தாள். திரையில் பாதி அவள் முகம், பாதி விளையாட்டு. புருவத்திலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

ஆட்கள் கொத்துக்கொத்தாக வந்து சேர்ந்தார்கள்.

“நான்தான் ராணி” என்றாள். “என் பேரு ஜனார். நான் ஆடுறது பொய்ப் பணம். பாருங்க, இப்பக் காலி பண்றேன், தானா நெறையும். உங்களுது நெறையாது. எங்க அண்ணனே கெட்டுப்போயிட்டான். தயவுசெஞ்சு விட்டுடுங்க.”

இருந்ததையெல்லாம் ஒரே பந்தயமாக வைத்தாள். போயிற்று. கண்ணை மூடித் திறப்பதற்குள் கணக்கு மறுபடி நிரம்பி நின்றது. தௌரென் முகம் வெளுத்தது. அவனுக்குள் ஏதோ ஒன்று அறுந்து விழுந்ததை அவள் பார்த்தாள். அப்பாடா, தெரிந்துகொண்டான் என்று நினைத்தாள்.

திரையின் ஓரத்தில் செய்திகள் ஓடின. ஒருவனும் பொய்ப் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ராணி அழகாக இருக்கிறாள் என்றான் ஒருவன். ரத்தம் நிஜம் மாதிரியே இருக்கிறது, புது வேஷம் பிரமாதம் என்றான் இன்னொருவன். முகம் காட்டினால் போனஸா என்று கேட்டு இதயங்களாக அனுப்பினார்கள். டிராகனைக் கூப்பிடு, கூப்பிடு என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது.

“உண்மையச் சொன்னா கைதட்டுறானுங்க பாரு” என்றார் செய்த்கான் படுக்கையிலிருந்து.

நிறுத்தலாம் என்று ஜனார் கையை நீட்டினாள். ஆட்டம் தானாகச் சுழன்றுகொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. முதல் முட்டை விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது, நடு வரிசையில், மெதுவாக வந்து உட்கார்ந்தது. குகை வாசல் பொன்னிறமாகத் திறந்தது.

தௌரென் அவள் கையைப் பிடித்துத் தடுத்தான். உடைந்த கையால் பிடித்தான். வலித்திருக்கும், அவனுக்குத் தெரியவில்லை. அவன் கண்கள் திரையை விட்டு நகரவில்லை. எல்லாம் பொய் என்று இப்போதுதான் தன் கண்ணால் பார்த்தவன். அந்தப் பொன்வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது, உதடு மெல்லச் சிரித்தது.

அய்சுலுவின் கையிலிருந்த கட்டை தாழ்ந்தது. இந்தச் சிரிப்பை அடித்து நிறுத்த முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

திறந்திருந்த ஜன்னலுக்கு வெளியே, ஓடைக்கு அப்பால், குரேன் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. வாசலுக்கு இரண்டு பக்கமும் கயிறு காத்திருந்தது.

“டிராகனக் கூப்பிடு ஜனார்” என்றான் தௌரென். அன்று முழுக்க அவன் குரலில் இல்லாத மென்மை அதில் இருந்தது. அவன் அடித்தபோதுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை. “ஒரே ஒரு தடவ. அப்பா மாதிரி கூப்பிடு.”

அவன் இடது கை, பார்வையைத் திரையிலிருந்து எடுக்காமலே, மேசைமேல் கத்தியைத் தேடியது.